கல்லும் கயிறும் பதினைந்து மீற்றர் கடலும்

அருவியாறு கடலில் கலக்கும் அரிப்பிலிருந்து தெற்கே சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்று நீளுகிறது முசலிக் கரை. மன்னார் மாவட்டத்தின் தென்கோடி இது. கரையிலிருந்து மேற்கே சில மைல் தள்ளிக் கடலடியில் கிடக்கும் பாறைத் திடல்களைக் கடலோடிகள் ‘பார்’ என்பார்கள். முத்துச்சிப்பி விளைந்தது அங்கேதான். பிரித்தானியப் படையதிகாரி ரொபர்ட் பேர்சிவல் 1803இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் கொண்டச்சிக் குடாவின் முத்துக்குளிப்பை விரிவாக எழுதியிருக்கிறார். முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த், சலாபம் எனப்படும் அந்த முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தங்குவதற்கு அரிப்பில் கட்டிய மாளிகையின் இடிபாடுகளைக் கடல் இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. கடைசிப் பெரிய சலாபம் 1925இல் நடந்தது.

அந்தத் தொழிலின் மையத்தில் ஒரு கல் இருந்தது. துளையிட்டுக் கயிறு கோத்த கருங்கல். குளியாளி தோணியின் பக்கத்தில் நீரில் நின்றபடி கல்லுக்கு மேலே கயிற்றில் போட்ட வளையத்தில் ஒரு பாதத்தை நுழைத்துக்கொள்வார். மூச்சை இழுத்து நிரப்பி, ஒரு கையால் மூக்கைப் பொத்துவார். மேலே நிற்பவர் கயிற்றை விட்டதும் கல் அவரை இழுத்துக்கொண்டு போகும். தரை தட்டியதும் காலை எடுத்துவிடுவார். கல் மேலே இழுக்கப்படும். அவர் கைக்கு எட்டிய சிப்பிகளையெல்லாம் வலைக்கூடையில் வாரிப் போட்டு இன்னொரு கயிற்றைச் சுண்டுவார். கூடையும் அவரும் மேலே வருவார்கள். ஒரு கல்லுக்கு இரண்டு பேர், மாறி மாறி. ஒரு முழுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். ஆழம் ஐந்து பாகத்திலிருந்து பத்துப் பாகம் வரை.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு கேள்வியோடு தொடங்குவோம். எட்டுப் பாகம், அதாவது 15 மீற்றர் ஆழத்துக்குப் போய்ச் சேர அந்த மனிதருக்கு எத்தனை செக்கன் எடுக்கும்?

பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடப் பொறிமுறைப் பாடத்துக்கு வரும் மாணவர்கள் கெட்டிக்காரர்கள். உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்து, சரிவுத் தளங்களையும் கப்பிகளையும் மோதும் கோளங்களையும் நூற்றுக்கணக்கில் தீர்த்துவிட்டு வருகிறார்கள். ஆனால் அந்தக் கணக்குகளிலெல்லாம் மிகக் கடினமான வேலையை வினாத்தாள் தயாரித்தவரே செய்து முடித்திருப்பார். ‘ஒப்பமான தளம்’, ‘இலேசான நீளா இழை’, ‘வளித்தடையைப் புறக்கணிக்க’ என்ற சொற்கள் உலகத்தை ஏற்கெனவே வெட்டிச் செதுக்கிக் கொடுத்துவிடுகின்றன. எதைப் புறக்கணிக்கலாம் என்று முடிவெடுப்பது யார்? பல்கலைக்கழகப் பொறிமுறை தொடங்க வேண்டியது இந்தக் கேள்வியில் என்பது என் உறுதியான எண்ணம். லக்ராஞ்சியையும் ஹமில்டனையும் மனப்பாடம் செய்து சித்தியடைந்தவர்கள் பலர் உண்டு. ஒரு உண்மையான இயக்கத்தைப் பார்த்து, அதன் சமன்பாட்டைத் தாமாக எழுதி, அதில் எந்த உறுப்பு முக்கியம், எது தூசு என்று எண்களைக் கொண்டு சொல்லத் தெரிந்தவரையே நான் பௌதிகவியலாளர் என்பேன்.

கல்லுக்கு வருவோம். கல் விழுகிறது, ஈர்ப்பு ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 9.8 மீற்றர். 15 மீற்றர் விழ 1.75 செக்கன் போதும்; தரையைத் தொடும்போது வேகம் செக்கனுக்கு 17 மீற்றர். இது ஒரு விடை. நீர் என்ற ஒன்றே இல்லாத கடலுக்கு அது சரி.

அடுத்து ஆர்க்கிமிடீஸை அழைப்போம். குளியாளியின் திணிவு 60 கிலோ என்று கொள்வோம். எலும்பும் தசையும் சேர்ந்து 55 லீற்றர் இடம் பிடிக்கின்றன. நிரப்பிய நுரையீரலில் 5 லீற்றர் காற்று. மொத்தம் 60 லீற்றர். கடல்நீர் ஒரு லீற்றர் 1.025 கிலோ, ஆகவே அவர் இடம்பெயர்க்கும் நீர் 61.5 கிலோ. நீரில் அவருக்கு நிறை இல்லை என்பது மட்டுமல்ல, ஒன்றரைக் கிலோ அளவுக்கு அவர் மேலே தள்ளப்படுகிறார். இப்போது 18 கிலோக் கல்லைச் சேருங்கள். கருங்கல் நீரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் அடர்த்தியானது. அந்தக் கல் ஏறத்தாழ 7 கிலோ நீரை இடம்பெயர்க்கும். மிஞ்சுவது 11 கிலோ. அதில் மனிதரின் ஒன்றரையைக் கழித்தால் இருவரையும் கீழே இழுக்கும் விசை ஒன்பதரைக் கிலோவின் நிறை, ஏறத்தாழ 93 நியூட்டன். மொத்தத் திணிவு 78 கிலோ. ஆர்முடுகல் 1.2. இப்படிக் கணித்தால் 15 மீற்றருக்கு 5 செக்கன். தரை தட்டும் வேகம் செக்கனுக்கு 6 மீற்றர். மணிக்கு 21 கிலோமீற்றர் வேகத்தில் கால் முதலில் பாறையில் போய் மோதுவதை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு நாள் குளித்தவர் மறுநாள் குளிக்க வரமாட்டார்.

நீர் இடம் கொடுப்பது மட்டுமில்லை, தடுக்கவும் செய்கிறது. உயர்தரத்தில் படித்த ஸ்டோக்ஸின் விதி இங்கே நினைவுக்கு வரும்: பாகுநிலையால் வரும் தடை வேகத்துக்கு நேர்விகிதசமன். கையில் இருக்கும் கருவியை எடுத்துப் போட்டுப் பார்ப்பது மாணவ இயல்பு. போட்டுத்தான் பார்க்க வேண்டும். மனிதரை 20 சென்ரிமீற்றர் ஆரையுள்ள கோளமாக எடுத்து, இளஞ்சூடான கடல்நீரின் பாகுநிலையை இட்டு, தடை 93 நியூட்டனுக்குச் சமமாகும் வேகத்தைக் கணியுங்கள். செக்கனுக்கு 27 கிலோமீற்றர் வருகிறது. பூமியின் ஈர்ப்பிலிருந்து தப்பிச் செல்லும் வேகமே செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர்தான். கொண்டச்சிக் குடாவில் குதித்தவர் அதன் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் கீழே போகிறார் என்று ஸ்டோக்ஸின் விதி சொல்கிறது.

விதி பொய்யல்ல. அது பேசும் உலகம் வேறு. சேறு கலங்கிய நீரில் மெல்லப் படியும் மண்துகளுக்கும் முகிலில் மிதக்கும் நீர்த்துளிக்கும் அது சரியாகப் பொருந்தும். அங்கே நீரின் ஒட்டுத்தன்மை ஆட்சி செய்கிறது. மனிதரின் அளவில், மனிதரின் வேகத்தில், நீரின் சடத்துவமே ஆள்கிறது: அவர் முன்னால் உள்ள நீரை ஒதுக்கித் தள்ள வேண்டும், தள்ளிய நீர் பின்னால் சுழித்துக்கொண்டு நிற்கும். இந்த இரண்டில் எது பெரிது என்று சொல்லும் விகிதம் ரெனோல்ட்ஸ் எண். இங்கே அது சில இலட்சம். ஒன்றைவிடச் சிறிதாக இருந்தால்தான் ஸ்டோக்ஸுக்கு உரிமை உண்டு. ஆகவே நம் குளியாளிக்குத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு வளரும்.

நியூட்டன் இதை மேசையிலிருந்து மட்டும் யோசிக்கவில்லை. பிரின்சிப்பியாவின் இரண்டாம் நூல் பெரும்பாலும் தடையுள்ள ஊடகங்களில் நடக்கும் இயக்கத்தைப் பற்றியது. அதில் மெழுகு உருண்டைக்குள் ஈயத்தை வைத்து, நீர் நிரப்பிய பாத்திரத்தில் விழவிட்டு நேரம் அளந்த பரிசோதனைகள் வருகின்றன. மிதக்கும் ஒரு பொருளோடு கனமான ஒன்றைச் சேர்த்து நீரில் இறக்குவது: பாரில் நடந்ததும் அதேதான். நூற்றாண்டுகளாக முசலிக் கடலில் மெழுகின் இடத்தில் மனிதர் இருந்தார். நியூட்டனுக்குப் பின்வந்த தலம்பேர் 1752இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உராய்வே இல்லாத இலட்சிய நீரில் சீரான வேகத்தோடு செல்லும் பொருளுக்குத் தடையே கிடையாது என்ற முடிவுக்கு வந்து தாமே திகைத்தார். பாகுநிலை எவ்வளவு சிறிதானாலும் அது இல்லாவிட்டால் பின்னால் சுழி உண்டாகாது. சுழி இல்லாவிட்டால் தடை இல்லை. நமது கணக்கில் பாகுநிலையின் நேரடிப் பங்கைத் தூக்கி எறிந்தோம்; ஆனாலும் மறைமுகமாக அதன் தயவில்தான் குளியாளியின் கால் முறியாமல் இருக்கிறது. இதைப் பாய்ம இயக்கவியல் பாடத்தில்தான் முழுதாகப் படிக்க முடியும். இங்கே கோடிகாட்டிவிட்டு நகர்கிறேன்.

கால் கீழாக நிமிர்ந்து இறங்கும் மனிதருக்குத் தோளளவு குறுக்குவெட்டை எடுத்தால், செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் தடை ஏறத்தாழ 50 நியூட்டன். வேகம் இரட்டித்தால் நான்கு மடங்கு. 93 நியூட்டனைச் சமப்படுத்தும் வேகம் செக்கனுக்கு 1.35 மீற்றர். முடிவு வேகம் இதுதான். இயக்கச் சமன்பாட்டைத் தொகையிட்டால் வேகம் நேரத்தோடு அதிபரவளைவுத் தான்சனாக ஏறுவது தெரியும்: இரண்டாவது செக்கனிலேயே முடிவு வேகத்தில் 94 வீதத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு எல்லாம் சீரான இறக்கம். 15 மீற்றருக்கு ஏறத்தாழ 12 செக்கன் எடுக்கும். நிமிட முழுக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மீதி நேரம் சிப்பிக்கும் மேலேறுதலுக்கும்.

1.75, 5, 12. மூன்றும் நியூட்டனின் இரண்டாம் விதியிலிருந்து பிழையின்றி வந்த விடைகள். விதி ஒன்றுதான், விசை என்ற இடத்தில் எதை எழுதினோம் என்பதில்தான் வேறுபாடு.

சமன்பாடு இன்னும் முடியவில்லை. நுரையீரலில் இருக்கும் காற்று அமுங்கும். பத்து மீற்றர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. போயிலின் விதிப்படி அங்கே 5 லீற்றர் காற்று இரண்டரை லீற்றராகிறது. 15 மீற்றரில் இரண்டு லீற்றர். நீரை இடம்பெயர்க்கும் கனவளவு குறைய மேலுதைப்பும் குறைகிறது. கணித்துப் பார்த்தால், ஏறத்தாழ நான்கு மீற்றர் ஆழத்தில் கல் இல்லாத குளியாளி மிதப்பதுமில்லை, தாழ்வதுமில்லை. அதற்கு மேலே கடல் அவரை மேற்பரப்புக்குத் தள்ளுகிறது. அதற்குக் கீழே அடித்தரைக்கு இழுக்கிறது. 15 மீற்றரில் கல்லை விட்டுவிட்ட பின்னும் அவர் ஒன்றரைக் கிலோ ‘கனமாக’ இருக்கிறார். தரையில் தவழ்ந்து இரண்டு கையாலும் சிப்பி வாருவதற்கு இது பெரிய வசதி. எதையும் பற்றிப் பிடிக்க வேண்டியதில்லை. அந்தக் கல் இல்லாமல் முதல் நான்கு மீற்றரைக் கடப்பதுதான் சிரமம். கல்லின் உண்மையான வேலை அங்கேதான்.

நான்கு மீற்றர் ஆழத்துப் புள்ளியைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். விசை பூச்சியமாக இருக்கும் இடம் சமநிலை. ஆனால் எந்த விதமான சமநிலை? அந்தப் புள்ளியைச் சுற்றிச் சிறு விலகலை எடுத்து, மேலுதைப்பு மாறும் வீதத்தை வகையிட்டால், ஒவ்வொரு மீற்றர் விலகலுக்கும் 2.5 நியூட்டன் விசை வருகிறது. விசை விலகலுக்கு நேர்விகிதசமன் என்றதும் எளிமை இசை இயக்கம் என்று எழுதிவிடக் கூடாது. இங்கே விசை விலகும் திசையிலேயே இருக்கிறது. ஒரு கையளவு கீழே போனவரை இன்னும் கீழே இழுக்கிறது. சமன்பாட்டில் ஒரேயொரு குறி மாறுகிறது. சைனும் கோசைனும் போய் அடுக்குக்குறிச் சார்பு வருகிறது. 60 கிலோ மனிதருக்கு, விலகல் ஏறத்தாழ ஐந்து செக்கனுக்கு ஒருமுறை 2.7 மடங்காகப் பெருகும்.

இந்தக் கணக்கில் தடை விசையை நான் எழுதவேயில்லை. சற்று முன்புதான் அது இல்லாவிட்டால் கால் முறியும் என்று சொன்னேன். பத்துச் சென்ரிமீற்றர் விலகலில் விசை கால் நியூட்டன். அப்போது வேகம் செக்கனுக்கு இரண்டு சென்ரிமீற்றர். அந்த வேகத்தின் வர்க்கத்தை எடுத்தால் தடை ஒரு நியூட்டனில் ஐம்பதில் ஒரு பங்கு, விசையின் பன்னிரண்டில் ஒன்றைக்கூட எட்டாதது. ஆகவே இங்கே அதைத் தள்ளிவைக்க எனக்கு உரிமை உண்டு. ஆழத்துக்கு இறங்கும்போது இல்லை. அதே மனிதர், அதே கடல், அதே உறுப்பு. ‘தடையைப் புறக்கணிக்க’ என்று வினாத்தாள் கட்டளையிடுவதற்கும் நாமே எண்களைக் காட்டி அனுமதி பெறுவதற்கும் உள்ள தூரம் இதுதான்.

இன்றைக்குச் சிலாவத்துறையிலிருந்து சங்குக்கும் கடலட்டைக்கும் குளிக்கப் போகிறவர்கள் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். அவர்களுடைய சமன்பாடு வேறு. சூழ உள்ள நீரின் அமுக்கத்திலேயே சிலிண்டர் காற்றைக் கொடுப்பதால் அவர்களின் நுரையீரல் ஆழத்திலும் சுருங்குவதில்லை. நான்கு மீற்றரில் கடல் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும் அந்தச் சலுகை அவர்களுக்குக் கிடையாது. இடுப்பில் ஈயம் வேண்டும். எவ்வளவு ஈயம் என்பது அனுபவத்தில் தெரிந்துகொள்ளும் விடயம்தான், ஆனால் அந்த அனுபவம் மேலே எழுதிய அதே வரியைத்தான் தீர்க்கிறது.

மேலேறுதலில் ஒரு பொறி இருக்கிறது. இறங்கும்போது எழுதிய ‘எதிர்க்குறி, மாறிலி, வேகத்தின் வர்க்கம்’ என்ற உறுப்பை ஏறும்போதும் அப்படியே வைத்திருக்கும் விடைத்தாள்கள் ஒவ்வொரு வருடமும் வரும். வர்க்கத்துக்குத் திசை தெரியாது. வேகம் மேல்நோக்கித் திரும்பியதும் தடை கீழ்நோக்கித் திரும்ப வேண்டும். குறியை மாற்றாதவரின் கடல், மேலே வருபவரைத் தடுக்காமல் தூக்கிவிடுகிறது. வேகத்தை அதன் மட்டுப்பெறுமானத்தால் பெருக்கி எழுதும் பழக்கம் வந்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

இனித் தோணியில் நிற்பவரைப் பார்ப்போம். குளியாளியையும் சிப்பிக் கூடையையும் செக்கனுக்கு ஒன்றரை மீற்றர் வேகத்தில் இழுக்கிறார் என்று கொள்ளுங்கள். தடை 115 நியூட்டன், குளியாளியின் நீர்நிறை 15, கூடைக்கு 50 என்று வைத்தால் கயிற்றின் இழுவை 180 நியூட்டன். வேகத்தால் பெருக்கினால் வலு 270 வாற்று. நாள் முழுக்க உழைக்கும் ஒரு மனிதரால் சராசரியாகத் தரக்கூடியது 75 வாற்றளவுதான். வேகத்தைப் பாதியாக்கினால் தேவையான வலு 70 வாற்றாக, நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஆனால் பத்துச் செக்கனில் வர வேண்டியவர் இருபது செக்கனில் வருவார், மூச்சு முட்டி. கயிற்றின் ஒரு நுனியில் கையும் மறுநுனியில் மூச்சும் பேரம் பேசுகின்றன. ஒரு கல்லுக்கு இரண்டு குளியாளிகள் என்று தொழிலை அமைத்தவர்கள் இதைத் தாளில் எழுதவில்லை. ஆனால் ஒருவர் இளைப்பாறும்போது மற்றவர் இறங்க, கயிறு பிடிப்பவரின் கை தாங்கும் வேகத்தில் வேலை ஓடியது.

1788இல் லக்ராஞ்சி தமது பகுப்பு முறைப் பொறிமுறை நூலை வெளியிட்டபோது, அதில் ஒரு படம்கூட இல்லை என்று முன்னுரையிலேயே அறிவித்தார். விசைகளை அம்புக்குறியாக வரைந்து கூட்டும் முறையிலிருந்து விலகி, இயக்கசக்தி, அழுத்தசக்தி என்ற இரண்டு எண்களிலிருந்தே இயக்கத்தை வருவிக்கலாம் என்று அவர் காட்டினார். கயிற்றின் இழுவையைக் கண்டுபிடித்துப் பிறகு அதையே நீக்கும் தொல்லை இல்லை. கயிறு நீளாது என்ற கட்டுப்பாட்டை ஆள்கூறுகளைத் தெரிவுசெய்யும்போதே சொல்லிவிட்டால் இழுவை சமன்பாட்டுக்குள் வராமலே போய்விடும். நமது நான்கு மீற்றர்ப் புள்ளி அழுத்தசக்தி வளையியின் உச்சியாகத் தெரியும். ஆனால் நீர்த்தடை எந்த அழுத்தசக்தியிலிருந்தும் வருவதில்லை. அதைப் பொதுமைப்படுத்திய விசையாகத் தனியே சேர்க்க வேண்டும். இதைச் சொல்லாமல் லக்ராஞ்சியின் முறையை உராய்வற்ற ஊசல்களிலேயே பழக்கிவிடுவதால்தான், அது உண்மை உலகத்துக்கு உதவாத அழகு என்று பல மாணவர் நினைத்துக்கொள்கிறார்கள்.

அழகு எங்கே உதவுகிறது என்று பார்க்கக் கடலிலிருந்து கரைக்கு வருவோம். கப்பி பூட்டிய கிணறு ஒன்றில் வாளி நீரோடு மேலே வருகிறது, வரும்போது ஆடுகிறது. நீளம் குறைந்துகொண்டே போகும் ஊசல் இது. நான்கு மீற்றர்க் கயிற்றில் ஓர் அலைவுக்கு நான்கு செக்கன். ஒரு மீற்றராகும்போது இரண்டு செக்கன். நிலைக்குத்திலிருந்து வாளி விலகும் கிடைத்தூரத்தை ஆள்கூறாக எடுத்தால், சீரான வேகத்தில் இழுக்கும்வரை சமன்பாடு வியக்கத்தக்க எளிமையோடு வரும்: எளிமை இசை இயக்கம்தான், ஆனால் அதன் மீடிறன் மட்டும் நேரத்தோடு மாறிக்கொண்டிருக்கும். கோணத்தை ஆள்கூறாக எடுத்திருந்தால் இடையில் இன்னோர் உறுப்பு வந்து குழப்பும். ஆள்கூறைத் தெரிவுசெய்வதும் பௌதிகம்தான்.

இந்த வாளியின் அலைவுச் சக்தி காக்கப்படுவதில்லை. இழுக்கும் கை அதற்குள் சக்தியை ஊட்டுகிறது. அப்படியானால் எது மாறாமல் இருக்கிறது? 1911இல் பிரசல்ஸில் நடந்த முதலாவது சொல்வே மாநாட்டில் லோரன்ஸ் இதே கேள்வியை ஐன்ஸ்டைனிடம் கேட்டார்: ஊசலின் இழையைக் கையால் சுருக்கினால் என்ன ஆகும்? மிக மெதுவாகச் சுருக்கினால் சக்தியை மீடிறனால் வகுத்த ஈவு மாறாது என்பது ஐன்ஸ்டைனின் விடை. குவாண்டம் கொள்கை பிறந்துகொண்டிருந்த நாட்களில் அந்த ஈவு சாதாரண எண்ணல்ல. சக்தியையும் மீடிறனையும் பிளாங்கின் மாறிலி கட்டிப்போட்டிருந்தது. நம் வாளிக்கு இதைப் பொருத்தினால், கயிறு நான்கு மீற்றரிலிருந்து ஒரு மீற்றராகும்போது மீடிறன் இரட்டிக்கும், சக்தியும் இரட்டிக்கும். கிடையாக விலகும் தூரம் 1.4 மடங்கு குறையும். ஆனால் கோணம் 2.8 மடங்கு பெருகும். மேலே வர வர வாளி கிணற்றுச் சுவரில் இடிக்கப் பார்ப்பதாகத் தோன்றுவது அந்தக் கோணத்தால்தான்.

ஆனால் ‘மிக மெதுவாக’ என்ற நிபந்தனையைப் பாருங்கள். செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் இறைத்தால் மூன்று செக்கனில் வாளி வந்துவிடும். ஓர் அலைவுகூட முடிந்திருக்காது. பல அலைவுகள் முடியும் அளவுக்கு மெதுவாக யாரும் நீர் இறைப்பதில்லை. வேகமாக இழுத்தால் அந்த ஈவும் மாறிவிடும்.

வேகமாக இழுத்தாலும் மாறாத ஒன்று உண்டு. அதன் வேர் 1880இல் கீவ் நகரின் எர்மகோவ் எழுதிய வகையீட்டுச் சமன்பாட்டு ஆய்வில் இருக்கிறது. 1967இல் லூவிஸ் அதை மாறும் மீடிறனுள்ள அலையிக்குத் திரும்பக் கண்டெடுத்தார். ஆனால் அந்தக் கணியம் வெறும் இயற்கணிதக் கோவையாக, துணைச் சமன்பாடு ஒன்றைத் தீர்த்தால் மட்டுமே கைக்கு வருவதாக நின்றது. அது பௌதிக ரீதியில் எது என்று 1976இல் ஒரு சிறு கட்டுரையில் விளக்கியவர்கள் எலியேசரும் கிரேயும்.

கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கேம்பிரிட்ஜில் டிராக்கின் கீழ் ஆராய்ச்சி செய்தவர். கதிர்வீச்சையும் கணக்கில் எடுத்துக்கொண்ட டிராக்கின் இலத்திரன் சமன்பாட்டை ஐதரசன் அணுவுக்குப் பிரயோகித்து, நேர்கோட்டில் நேரே விழும் இலத்திரன் கருவைச் சென்றடையாது என்ற எதிர்பாராத முடிவை 1943இல் வெளியிட்டவர். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். அதன்பின் மலாயாவிலும், மெல்பேர்ணின் லா துரோப் பல்கலைக்கழகத்திலும். எங்கள் பல்கலைக்கழகங்களில் பொறிமுறைப் பாடம் படிக்கும் தமிழ் மாணவர்களில் அவருடைய பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலரே என்பது எனக்குப் பெரிய மனக்குறை. அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இரண்டாம் வருட மாணவர் ஒருவர் முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடிய கேள்வி.

எலியேசரும் கிரேயும் கொடுத்த விளக்கம் இது. வாளியை ஒரே கோட்டில் ஆடவிடாமல் கிடைத்தளத்தில் நீள்வளையமாகச் சுற்றிவரும்படி தள்ளிவிடுங்கள். இப்போது இரண்டு ஆள்கூறுகள். இரண்டுக்கும் ஒரே சமன்பாடு. வாளியின் மீதான கிடை விசை எந்தக் கணத்திலும் நடு அச்சை நோக்கியே இருக்கும். கயிற்றை எவ்வளவு வேகமாக, எவ்வளவு விட்டுவிட்டு இழுத்தாலும் விசையின் அளவு மாறலாம், திசை மாறாது. மையத்தை நோக்கிய விசைக்குத் திருப்பம் இல்லை. ஆகவே கோண உந்தம் காக்கப்படும். ஒரே கோட்டில் ஆடும் வாளி இந்தச் சுற்றும் வாளியின் நிழல், ஒரு சுவரில் மட்டும் விழுவது. எர்மகோவும் லூவிஸும் கண்ட கணியம் அந்தக் கோண உந்தத்தின் வர்க்கத்தைத் தவிர வேறில்லை. துணைச் சமன்பாட்டின் தீர்வு என்பது சுற்றும் வாளியின் அச்சுத் தூரம்.

ஊரில் இதைச் செய்துபார்க்க ஆய்வுகூடம் வேண்டாம். முற்றத்து மரக்கிளையில் கப்பியைக் கட்டி, கயிற்றில் பாதி நிரப்பிய சிறு வாளியொன்றைத் தொங்கவிடுங்கள். கப்பிக்கு நேர்கீழே தரையில் ஒரு கைத்தொலைபேசியை மேல்நோக்கிப் பதிவுசெய்ய வையுங்கள். வாளியைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிச் சுற்றவிட்டு, கயிற்றை இழுங்கள். வாளி மேலே போகப் போகப் படத்தில் சிறுத்துத் தெரியும். வாளியின் தோற்ற விட்டத்தைக் கொண்டு ஒவ்வொரு படச் சட்டத்திலும் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். பிறகு, கப்பிக்கு நேர்கீழான புள்ளியிலிருந்து வாளிக்கு ஒரு கோடு வரைந்து, சம இடைவேளைகளில் அந்தக் கோடு வருடிச் செல்லும் பரப்பை அளந்துபாருங்கள். பாதை சுருங்கும், சுற்று வேகமாகும். கோள்களுக்குக் கெப்ளர் சொன்னபடி பரப்புகள் சமமாகவே வரும், அளவீட்டுப் பிழை போக, நீங்கள் கயிற்றை எந்த வேகத்தில் இழுத்திருந்தாலும்.